மருந்து கேட்கவில்லையா? நாம் கேட்போம்

தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூரில், வெற்றிலைக் கொடிக்காலில் ஒரு கொடி வாடினால் விவசாயி முதலில் வேரைத் தோண்டிப் பார்ப்பார். தண்ணீர் தேங்கி நின்றதா, அழுகல் விழுந்ததா, வைத்த மருந்து போதிய அளவுக்கு இறங்கியதா என்று யோசிப்பார். ஒன்று கேட்கவில்லை என்றால் அடுத்ததைத் தேடுவார். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை இந்தப் பொறுமையில்தான் தளிர்க்கிறது.

மனச்சிதைவு நோய் வந்த மனிதருக்கு இந்தப் பொறுமை கிடைப்பதில்லை. யாரும் பேசாதபோது அவருக்குக் குரல் கேட்கிறது. யாரோ தன்னைத் தொடர்வதாக, சாப்பாட்டில் எதையோ கலப்பதாக உறுதியாக நம்புகிறார். கோயில், தர்கா, மாதா கோயில் என்று அலைந்த பிறகு குடும்பம் ஆஸ்பத்திரிக்கு வருகிறது. ஒரு மாத்திரை, அப்புறம் இன்னொன்று, இடையிடையே ஊசி. வருடங்கள் ஓடுகின்றன. ஒரு நாள் வீட்டார் சொல்கிறார்கள்: "எல்லா மருந்தும் பாத்தாச்சு, எதுவும் கேக்கல. இனி விதிதான்."

அந்த வீட்டாருக்காகத்தான் இந்தக் கட்டுரை. வழக்கமான மருந்துகள் கேட்காத மனச்சிதைவுக்கென்றே ஒரு மருந்து இருக்கிறது. அதில் ஆபத்து உண்டு. ஆபத்தை முன்கூட்டியே பிடிக்க வழியும் உண்டு. அதைக் கேட்டுப் பெறும் உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கிறது.

'கேட்கவில்லை' என்று எப்போது சொல்லலாம்?

மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. அது நோயாளியின் பிடிவாதமோ குடும்பத்தின் பாவமோ அல்ல. நோயின் ஒரு வகை.

ஆனால் அந்த முடிவுக்கு வர மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு வெவ்வேறு மனச்சிதைவு மருந்துகளை, ஒவ்வொன்றையும் போதிய அளவில், குறைந்தது ஆறு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் குரல்களும் சந்தேகங்களும் குறையவில்லை என்றால், அதுவே 'சிகிச்சைக்கு எளிதில் கட்டுப்படாத மனச்சிதைவு'. பத்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை. முறையாகப் பார்த்தால் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும்.

அதற்கு முன் வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டும். மாத்திரை உண்மையிலேயே வயிற்றுக்குள் போனதா? கை நடுக்கமும் உடல் விறைப்பும் தாங்காமல் நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பினாரா? கஞ்சாவோ மதுவோ குறுக்கே நிற்கிறதா? தினமும் மாத்திரை போடுவது சிரமமென்றால், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் நீடித்த ஊசியை முயன்றார்களா? இவற்றையெல்லாம் மருத்துவர் சரிபார்க்க வேண்டும். அவருக்கு உதவ, இதுவரை கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, நிறுத்திய காரணம் ஆகியவற்றை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

கைவிடப்பட்டு மீண்ட மருந்து

அந்த மருந்தின் பெயர் குளோசபின். சுவிட்சர்லாந்தில் 1950-களின் கடைசியில் உருவானது. கை நடுக்கம், விறைப்பு அதிகம் இல்லாமல் நோயை அடக்கியது. ஆனால் 1975-ல் ஃபின்லாந்தில், இதைச் சாப்பிட்ட சிலருக்கு இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் திடீரெனச் சரிந்தன. 8 பேர் தொற்று வந்து இறந்தார்கள். பல நாடுகள் மருந்தை ஒதுக்கி வைத்தன.

1988-ல் அமெரிக்க மருத்துவர் ஜான் கேனும் சகாக்களும் வேறு மருந்துகள் கேட்காத 268 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆறு வாரத்தில், பழைய மருந்தான குளோர்புரோமசின் சாப்பிட்டவர்களில் 100-க்கு 4 பேர் தேறினார்கள். குளோசபின் சாப்பிட்டவர்களில் 100-க்கு 30 பேர். இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, 1989-ல் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதற்காக 2002-ல் இன்னொரு அனுமதியும் கிடைத்தது.

எட்டுப் பேரைப் பறிகொடுத்த அதே ஃபின்லாந்தில் 66,000-க்கும் மேற்பட்ட மனச்சிதைவு நோயாளிகளை 11 ஆண்டு கவனித்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. ஒப்பிட்ட மருந்துகளில், குளோசபின் சாப்பிட்டவர்களிடம்தான் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. அந்த மருந்தைக் காப்பாற்றியது கண்காணிப்பு.

இரத்தம் கொடுக்கத் தயங்காதீர்கள்

குளோசபின் தொடங்கும் முன்பே இரத்த அணுக்களை எண்ண வேண்டும். ஆய்வகங்களில் இதை சி.பி.சி. என்பார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் முறைப்படி முதல் 18 வாரம் வாரந்தோறும், அதன்பின் இடைவெளி கூட்டி மாதந்தோறும் என்று பரிசோதனை தொடரும். அணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரிவது நூறில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது. நடந்தால் பெரும்பாலும் அந்த முதல் மாதங்களில்தான். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து அணுக்களை எண்ணச் சொல்லுங்கள். சரிவை உடனே கண்டு மருந்தை நிறுத்தினால் அணுக்கள் பெரும்பாலும் மீண்டுவிடும்.

வாரந்தோறும் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போகும் என்று பலர் இந்த மருந்தையே வேண்டாம் என்கிறார்கள். மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: "இரத்தத்தைப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டு, ரிசல்ட்டை மட்டும் உங்களுக்குக் காட்டலாமா?" பல குடும்பங்களின் அலைச்சல் இந்த ஒரு கேள்வியிலேயே பாதியாகும்.

இரத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. நம் கடற்கரைப் பகுதியின் வாழ்க்கைக்கு ஏற்பச் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலச்சிக்கல்: சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கும் இந்தத் தொல்லை இரத்த அணுக் குறைவைவிட அதிகம் பேரின் உயிரைப் பறித்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. குளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. வெயிலில் உப்பளத்தில் நின்று வேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு ஆபத்து இரட்டிப்பு. மலம் போகாமல் வயிறு உப்பி, வலியும் வாந்தியும் வந்தால் அது அவசரம். இந்த வகை மருந்துகள் உடல் சூட்டைத் தணிக்கும் திறனையும் குறைக்கலாம். உச்சி வெயிலைத் தவிர்ப்பது நல்லது.

பீடி, சிகரெட்: இந்தப் புகை குளோசபினை உடலில் வேகமாகக் கரைத்துவிடும். திருச்செந்தூர் சஷ்டிக்கோ குலசை தசராவுக்கோ விரதமிருந்து பீடியைச் சட்டென்று விட்டால், அதே மாத்திரை இரத்தத்தில் ஏறி மயக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கலாம். பீடியை விடுவது நல்லதுதான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு விடுங்கள், அவர் அளவைக் குறைப்பார். வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக்கு இந்த விளைவு இல்லை. ஆனால் அது வாய்ப்புற்றுக்கு வழி.

இரண்டு நாள் கணக்கு: 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை தவறினால் விட்ட இடத்தில் தொடரக் கூடாது. முதல் நாள் தொடங்கிய 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து விழ நேரிடும். மருந்து வாங்கி வரும் மகன் தங்குகடலுக்குப் போகிறார் என்றால், திரும்பும் வரைக்குமான மாத்திரை வீட்டில் இருக்கட்டும். இதைச் சாப்பிடுபவர் தாமே கடலுக்குப் போவது, உயரத்தில் ஏறுவது, இயந்திரம் ஓட்டுவது பற்றி மருத்துவரிடம் முதலிலேயே கேட்க வேண்டும். நோன்பு வைப்பவர்கள் மாத்திரை நேரத்தைத் தாமே மாற்றிக்கொள்ளக் கூடாது.

இதயம், எடை, சர்க்கரை: முதல் சில வாரங்களில் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஓயாத படபடப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இதயத் தசை வீங்கியிருக்கலாம். பிறகு எடை, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்த கால இடைவெளியில் பார்க்க வேண்டும். தூக்கத்தில் எச்சில் வடிவது பலருக்கு உண்டு. அதைக் குறைக்க வழி இருக்கிறது.

இன்னொன்று: குளோசபினைச் சோற்றிலோ காப்பியிலோ ரகசியமாகக் கலந்து கொடுக்கவே கூடாது. அளவை ஏற்றவும் இரத்தம் எடுக்கவும் காய்ச்சலைச் சொல்லவும் சாப்பிடுபவருடைய ஒத்துழைப்பு வேண்டும். அதோடு, தனக்கு என்ன மருந்து தரப்படுகிறது என்று அறிவது அவருடைய உரிமை.

சங்கிலிக்கு எதிராகச் சட்டம்

நம் கரையோரமாக வடக்கே போனால் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. ஓட முடியாதபடி சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இறந்தவர்களில் பலர், ஏர்வாடி தர்கா குணமாக்கும் என்ற நம்பிக்கையோடு குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள். பிற்பாடு அந்த தர்காவிலேயே 'தவா–துவா' என்ற பெயரில் பிரார்த்தனையோடு மருந்தும் தரும் ஏற்பாடு வந்தது. சாமியைக் கும்பிட மாத்திரையை விட வேண்டியதில்லை.

2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

மனநோய் உள்ளவரை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது 95-ஆம் பிரிவு. மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்வு சிகிச்சை தருவதற்கும் அதே பிரிவில் தடை. மயக்க மருந்தோடு முறையாகத் தரும்போது, குளோசபினும் போதாத சிலருக்கு அந்தச் சிகிச்சை கைகொடுக்கும். சட்டத்தை மீறினால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அரசின் அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது 18-ஆம் பிரிவு. குளோசபின் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் இருக்கிறது. "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்குங்க" என்றால் அதோடு திரும்பிவிடாதீர்கள். எப்போது வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

சிகிச்சை என்ன, பக்கவிளைவு என்ன என்று அறியும் உரிமை 22-ஆம் பிரிவில் இருக்கிறது. மருத்துவப் பதிவைப் பெறும் உரிமை 25-ல். நோயாளி தெளிவாக இருக்கும்போதே, "மறுபடி எனக்கு முடியாமல் போனால் இப்படிச் செய்யுங்கள், இப்படிச் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச நம்பிக்கையான ஒருவரை நியமிக்கலாம். உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் இயலாமையாக ஏற்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு எனச் சான்று பெற்றால் சலுகைகளுக்கும் உதவிகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

எங்கே போவது, யாரிடம் கேட்பது?

ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல், காயல்பட்டினம் மக்களுக்கு அருகில் இருப்பது தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் எந்த அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார்கள் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது.

மருத்துவமனையில் குறை இருந்தால் முதலில் அங்குள்ள பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்கு 15100. ஒரு வீட்டில் யாரையேனும் கட்டிப்போட்டிருப்பது தெரிந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அதை நீதித்துறை நடுவரிடம் தெரிவிப்பது காவல்துறையின் கடமை. அப்படிக் கட்டிப்போடும் தாய்க்கும் தகப்பனுக்கும் பெரும்பாலும் கொடுமை நோக்கம் இருப்பதில்லை; கிணற்றில் விழுந்துவிடுவான், ரோட்டில் ஓடிவிடுவான் என்ற பயம்தான். அவர்களைத் திட்டுவதைவிட ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் வருவது பெரிய உதவி.

அடுத்த முறை மருத்துவர் முன் உட்காரும்போது அந்த நோட்டைத் திறந்து மூன்று கேள்வி கேளுங்கள். "இரண்டு மருந்தும் முழு அளவில், முழுக் காலத்துக்குப் பார்த்தாகிவிட்டதா? அப்படியென்றால் குளோசபின் கொடுக்கலாமா? கொடுக்கக் கூடாதென்றால் ஏன்?"

நோயுற்றவர் இல்லாத குரல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்காக உரக்க ஒலிக்கும் ஓர் உண்மையான குரலும் அவர் காதில் விழட்டும்.