சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு அபாயம் அதிகம்
இடுப்பு அளவையும் ரத்தக் கொழுப்பையும் பார்ப்பது அவசியம்

மாரடைப்பு என்பது ஆண்களுக்கு வரும் நோய் என்றே நம்மவர்கள் பலரும் நினைக்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் வயது வரை பெண்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருப்பது உண்மைதான். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதற்கு ஒரு காரணம். ஆனால் சர்க்கரை வியாதி வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் பறிபோய்விடுகிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே பிராமிங்காம் என்ற ஊர் இருக்கிறது. அங்கு 1948-ம் ஆண்டு முதல் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை டாக்டர்கள் கண்காணித்து வந்தார்கள். 20 ஆண்டு கணக்கைப் பார்த்து 1979-ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதியால் இருதய நோய் அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிக மடங்கு கூடுகிறது என்று தெரியவந்தது.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு

உடல் பருமனும் சேர்ந்தால் தொல்லை அதிகம். அதிலும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு பொல்லாதது.

இன்சுலினின் வேலை சர்க்கரையை அடக்குவது மட்டும் அல்ல. சேமித்த கொழுப்பை வெளியே விடாமல் பூட்டி வைப்பதும் அதுதான். உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படாதபோது பூட்டு தளர்ந்து, கொழுப்பு கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை டிரைகிளிசரைடு ஆக்கி ரத்தத்தில் விடுகிறது. அது ஏற ஏற, நல்ல கொழுப்பான எச்.டி.எல். இறங்குகிறது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். சாதாரண அளவில் தெரிந்தாலும், அதன் துகள்கள் சிறுத்து ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதில் புகுந்துவிடும்.

இன்சுலினுக்குத் துணை நிற்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் 1995-ல் கண்டறியப்பட்டது. அதைச் சுரப்பதே கொழுப்புத் திசுதான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், பருமன் கூடினால் அது குறைந்துவிடுகிறது!

"நான் எண்ணெயே சேர்ப்பதில்லை, எனக்கு எப்படிக் கொழுப்பு?" என்று கேட்கும் பெண்கள் உண்டு. மூன்று வேளையும் சோறும் இட்லியும், இடையிடையே சீனி போட்ட டீயும் போதும். மிஞ்சும் மாவுச்சத்தும் டிரைகிளிசரைடாக மாறிவிடும்.

எவ்வளவு இருக்கலாம்?

நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது சுமார் 31½ அங்குலத்துக்குள் இருக்கவேண்டும். (சேலைக் கொசுவத்தின் மேல் அளந்தால் கணக்கு தப்பும்.) டிரைகிளிசரைடு 150 மில்லிகிராமுக்குக் கீழேயும், எச்.டி.எல். 50-க்குக் குறையாமலும் இருப்பது நல்லது.

பலர் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது லிப்பிட் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளவேண்டும். மும்பையில் ரெயில்வே ஊழியர்களின் மனைவியருக்கு ரெயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. தாராவிவாசிகளுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. கணவனின் பிரஷருக்கு லீவு போடும் வீடுகளில், மனைவியின் பரிசோதனை மட்டும் தள்ளிப்போவது சரியல்ல.

70 கிலோ உள்ளவர் 4, 5 கிலோ குறைத்தாலே டிரைகிளிசரைடு இறங்கத் தொடங்கும். டாக்டர் கொடுத்த கொழுப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது.

பெண்களுக்கு, அதுவும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். மூச்சுத்திணறல், திடீர் அசதி, வாந்தி, தாடையிலோ முதுகிலோ வலி என்று தோன்றும். வாயு என்று சோடா குடித்துப் படுத்துவிடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும்.