திரையில் எழுதும் உரிமை

கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானைத் தொடுகின்றோம்; திரை அசைவற்று நிற்கின்றது. மீண்டும் தொடுகின்றோம்; பயனில்லை. சிறிது பொறுத்தபின், செயலி பதிலளிக்கவில்லை என்றோர் அறிவித்தல் தோன்றுகின்றது. கருவி பழுதுற்றதெனப் பலர் எண்ணுவர். ஆயின் பல வேளைகளிற் குறை கருவியில் இல்லை. செயலியை ஆக்கியவர் வேலையைப் பங்கிட்ட முறையிலேயே உள்ளது.

கணினிச் செயலி ஒரே வேளையிற் பல கருமங்களை ஆற்றவல்லது. ஒவ்வொரு கருமத்தின் தொடரோட்டத்தையும் இழை என்பர். திரையிலுள்ள பொத்தான்களையும் எழுத்துக்களையும் படங்களையும் பேணும் இழையை முகப்பிழை என்போம். நம் தொடுகைகளும் திரையை வரையும் கட்டளைகளும் வரிசையில் நிற்க, முகப்பிழை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும். அவ்விழையே பெருங்கோப்பொன்றைத் தொலைவிலிருந்து தருவிக்கப் புகுந்தால், வரிசையிலுள்ள ஏனையவை காத்துக் கிடக்கும். அண்ட்ரொயிட் முறைமையில் ஒரு தொடுகைக்கு 5 செக்கன் வரை விடை கிடையாதாயின், முன்னர்க் கூறிய அறிவித்தல் எழுகின்றது.

ஆதலால், நெடிய வேலைகளைப் பின்னணி இழைகளிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவ்வாறாயின், வேலையை முடித்த பின்னணி இழை தானே திரையில் விடையை எழுதிவிடலாகாதா? ஆகாது. அதன் காரணத்தை ஓர் உவமையாற் காண்போம்.

வாக்கெண்ணும் நிலையமொன்றிற் பல மேசைகள் உள்ளன. முடிவை எழுதும் கரும்பலகை ஒன்றே. பலகையில் 400 என்றிருக்கின்றது. ஒருவர் 50 வாக்கும் மற்றொருவர் 30 வாக்கும் கொண்டு ஒரே வேளையில் ஓடிவருகின்றனர். இருவரும் பழைய தொகையையே பார்த்துக் கூட்டுகின்றனர். ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்தெழுதுகின்றார். 480 இருக்கவேண்டிய இடத்தில் 450 அல்லது 430 நிற்கும். இத்தவறு எப்பொழுதும் நேர்வதன்று. சோதனையில் ஒளிந்திருந்து பயன்பாட்டில் வெளிப்படுவதே இதன் கொடுமை.

ஒருவர் எழுதும்போது பிறர் தொடாதவாறு பூட்டிட்டால் என்ன என்று வினவலாம். சுண்ணக்கட்டியைப் பற்றியவர் துடைப்பானுக்கும், துடைப்பானைப் பற்றியவர் சுண்ணக்கட்டிக்கும் காத்து நின்றால், இருவரும் என்றுமே எழுதார். ஜாவா மொழியை உருவாக்கிய சன் நிறுவனத்தின் கிரகாம் ஹமில்டன் 2004 இல் இதனை விளக்கினார். பயனரின் தொடுகை அடித்தளத்திலிருந்து மேல்நோக்கி வருகின்றது. செயலியின் கட்டளை மேலிருந்து கீழ்நோக்கிச் செல்கின்றது. இரண்டும் எதிரெதிர் ஒழுங்கிற் பூட்டுக்களைப் பற்றுவதால் முட்டுக்கட்டை விளைகின்றது என்பது அவர் கருத்து.

எனவே கையாளப்படும் முறை எளியது. பலகையில் எழுதுபவர் ஒருவரே. ஏனையோர் முடிவைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுவர். ஜாவாவின் ஸ்விங் தொகுதியில் இன்வோக்லேட்டர் என்பதும், அண்ட்ரொயிட்டில் ரன்ஒன்யூஐதிரெட் என்பதும் இத்தகைய பெட்டிகளே. இங்கே மூன்று நெறிகள் பேணற்பாலன. சீட்டை இட்டபின் அதிலுள்ளதைத் திருத்தலாகாது. எழுதுபவரிடமே எண்ணும் வேலையைச் சுமத்தலாகாது. ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு சீட்டிட்டுப் பெட்டியை நிரப்பலுமாகாது.

இது வெறும் வசதி பற்றிய செய்தியன்று. தெராக்-25 என்னும் கதிர்மருத்துவ இயந்திரத்தால், 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளர் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், சிலர் உயிரிழந்தனர். 1986 இல் டெக்சாஸில் நேர்ந்தவற்றில், இயக்குநர் தாம் பதிந்த பிழையை விரைந்து திருத்தினார். திரையிலும் திருத்தம் தெரிந்தது. ஆயின் ஏறத்தாழ 8 செக்கன் நேரம் காந்தங்களை அமைத்துக்கொண்டிருந்த மற்றொரு கருமம் அத்திருத்தத்தை அறியவில்லை. அந்நாளைய திரை இன்றைய படமுகப்பன்று. எனினும், பல கருமங்கள் ஒரே தரவை ஒழுங்கின்றிப் பகிர்ந்த குறை இதனோடு ஓரினமே.

மனிதர் திரையில் தோன்றுவதை மெய்யென நம்பியே அடுத்த செயலில் இறங்குகின்றனர். அந்நம்பிக்கையைக் காக்க விழையும் நிரலாளர், வேலையைப் பலரிடம் பகிர்ந்தாலும் எழுதுகோலை ஒருவர் கையிலேயே விடக் கடவர்.