நீந்தும் உடலில் இரத்தம் எங்கே போகிறது?

1954இல் நவரத்தினசாமி வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் இந்த ஊரின் ஆழிக்குமரன் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்ப நீந்தினார், 51 மணித்தியாலம். அவ்வளவு நேரம் நீரில் கிடக்கும் உடல் சூட்டை இழக்காதிருக்கத் தோலின் இரத்தக் குழாய்கள் ஒடுங்க வேண்டும். கையும் காலும் ஓயாமல் உழைக்க, தசைகளின் குழாய்கள் விரிய வேண்டும். இதயம் ஒன்றுதான். ஒவ்வொரு குழாயும் தனக்குரியதை எப்படி முடிவு செய்கிறது?

சிறு நாடிகளின் சுவரை மழமழப்பான தசைக் கலங்கள் வளையமாகச் சுற்றியிருக்கின்றன. கல்சியம் உள்ளே வந்தால் அவை இறுகும். கல்சியத்தின் முக்கிய வாசல் மின்னழுத்தத்துக்குக் கட்டுப்பட்டது. கலத்தின் உட்புறத்தில் எதிரேற்றம் கூடினால் அது மூடிக்கொள்ளும். அந்த ஏற்றத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பொற்றாசியம். கலத்தினுள்ளே அது லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல், வெளியே நான்கோ ஐந்தோதான். பொற்றாசியக் கால்வாய் திறந்தால் நேரேற்ற அயன்கள் வெளியேறும், கல்சிய வாசல் மூடும், குழாய் விரியும். கால்வாய் மூடினால் எல்லாம் மறுதலை.

இந்தக் கால்வாய் ஒரு புரதம். பெரும்பாலும் நான்கு துண்டுகள் கூடி நடுவே ஒரு துளையை விடுகின்றன. பொற்றாசியத்தைவிடச் சோடியம் அயன் சிறியது. இருந்தும் பெரியது புகுந்து போக, சிறியது நின்றுவிடுகிறது. காரணத்தை 1998இல் ரொடெரிக் மக்கினன் குழு ஒரு பற்றீரியாக் கால்வாயின் அமைப்பில் கண்டது. 2003இல் அவருக்கு நோபல் பரிசு. நீரில் ஒவ்வோர் அயனையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். துளையின் ஒடுங்கிய பகுதியில் வரிசையாக நிற்கும் ஒட்சிசன் அணுக்கள், பொற்றாசியம் இழக்கும் அந்த நீருக்குச் சரியாக ஈடுகொடுக்கும் தூரத்தில் இருக்கின்றன. சோடியத்துக்கு அந்தத் தூரம் அதிகம். நீரை உதற அதற்கு இலாபமில்லை. அணுவளவு நுட்பத்தில் அமைந்த இந்தத் துளைதான் நம் இரத்த அழுத்தத்தைத் தாங்குகிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

உழைக்கும் தசை பொற்றாசியத்தை வெளியே கசியவிடும். அந்தச் சிறு அதிகரிப்பே பக்கத்துக் குழாயின் ஒருவகைக் கால்வாயைத் திறந்துவிடும். ஏரீபீ என்ற எரிபொருளை உணரும் இன்னொரு வகை, ஒட்சிசன் குறையும்போதும் அடினோசின் சேரும்போதும் திறக்கும். மூன்றாவது வகை கலத்தினுள் எழும் கல்சியப் பொறிகளாலேயே திறந்து, இறுக்கம் எல்லை மீறாமல் பிடித்து வைக்கும். தோலிலோ, குளிர் பட்டதும் நரம்புகள் விடும் நோரதிரினலின் வேறு வழிகளோடு பொற்றாசியக் கால்வாய்களையும் அடக்கிக் குழாயை ஒடுக்கும். பாக்கு நீரிணையின் வெதுவெதுப்பில் இந்தக் கட்டளை மெல்லியது. ஆனந்தன் 1984 ஆகஸ்டில் உயிரிழந்த ஆங்கிலக் கால்வாயில், கோடையிலும் நீர் 16 முதல் 18 பாகை செல்சியஸ்தான். அங்கே அந்தக் கட்டளை மிகக் கடுமையானது.

மருந்துகளும் இதே பொற்றாசியக் கால்வாயைத் தேடித்தான் போகின்றன. நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நிக்கோரண்டிலும், மற்றக் குளிசைகளுக்கு அடங்காத பிரஷருக்குக் கொடுக்கும் மினொக்சிடிலும் ஏரீபீ வகையைத் திறந்து குழாயை விரிப்பவை. மினொக்சிடில் குடித்தவர்களின் உடலில் மயிர் அடர்ந்து வளர்ந்ததைக் கண்ட பிறகே அது தலையில் பூசும் மருந்தாகவும் வந்தது.