அடம் பிடிக்கும் பறவையும் அளந்து வைக்கும் உணவும்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு



தலைப்பைப் பார்த்ததும், "என்னப்பா இது, டிப்ளமோ படிக்கிற பையன் குருவிக்குச் சோறு ஊட்டக் கிளம்பிட்டானா?" என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் நம் வகுப்பிலேயே எண்ணிப் பாருங்கள். நாலு பேர் வீட்டிலாவது வராந்தாவில் ஒரு கூண்டு தொங்கும். பச்சை, மஞ்சள், நீலம் என்று நாலைந்து 'லவ் பேர்ட்ஸ்' கத்திக்கொண்டிருக்கும். முன்னால் ஒரு கிண்ணம் தினை. காலையிலும் தினை, மாலையிலும் தினை, தீபாவளி பொங்கலுக்கும் அதே தினை! கேட்டால், "வேற எதை வச்சாலும் தொட மாட்டேங்குது" என்பார்கள். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்தப் பறவை யார் என்று பார்ப்போம். நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடுவதன் உண்மைப் பெயர் பட்ஜெரிகர். நிஜமான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவை. பட்ஜெரிகருக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் இதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கிருந்து உலகமெங்கும் பரவியது. (நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.)

சொந்த ஊரிலும் அது புல் விதை தின்கிற பறவைதானே, தினை கொடுத்தால் என்ன தப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே அது மழை பெய்த இடத்தைத் தேடிக் கூட்டம் கூட்டமாக நெடுந்தூரம் பறக்கிறது. பல வகைப் புற்களின் விதைகளை, காய்ந்ததும் பாதி முற்றியதுமாகத் தின்கிறது. நம் வீட்டிலோ இரண்டடிக் கூண்டு, ஒரே வகைக் காய்ந்த தானியம். பறப்பு குறைந்தது, வகையும் குறைந்தது. குறை இங்கேதான் ஆரம்பம்.

தினை மட்டும் தின்றால் மூன்று சத்துகள் போதாமல் போகும். ஒன்று, வைட்டமின் ஏ. இது குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உள்தோல் கெட்டு, நோய்க்கிருமி சுலபமாக நுழையும். இரண்டு, சுண்ணாம்புச் சத்து. 100 கிராம் தினையில் இது ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான். பாஸ்பரஸோ 300-ஐ நெருங்கும். கணக்கு தலைகீழாக இருக்கிறது. முட்டையிடும் பெட்டைக்கு இதனால் முட்டை வெளிவராமல் சிக்கி உயிரே போகலாம். மூன்று, அயோடின். இது குறைந்தால் கழுத்தில் தைராய்டு சுரப்பி வீங்கி மூச்சுக்குழலை அழுத்தும். மூச்சு விடும்போது கீச்சுச் சத்தம் கேட்கும். பட்ஜெரிகருக்கு வரும் பிரசித்தமான நோய்களில் இதுவும் ஒன்று. சில வீடுகளில் சூரியகாந்தி விதையைச் செல்லமாகக் கொடுப்பார்கள். அதன் பருப்பில் பாதிக்குப் பாதி கொழுப்பு! கூண்டுப் பறவைக்கு அது தினசரி உணவே அல்ல.

சரி, கீரை நல்லது என்று தெரிந்தும் பறவை ஏன் தொடுவதில்லை? அடமா? இல்லை, தோழர்களே. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான்: அது அடம் பிடிக்கவில்லை, கீரை என்பது சாப்பிடுகிற பொருள் என்றே அதற்குத் தெரியாது. குஞ்சாக இருக்கும்போது தாயும் கூட்டமும் எதைத் தின்றனவோ அதுதான் அதன் கணக்கில் உணவு. மற்றதெல்லாம் தெரியாத பொருள், தெரியாத பொருள் ஆபத்து. நாமும் முதலாண்டில் ஹாஸ்டலில் சேர்ந்தபோது மெஸ் கோதுமை உப்புமாவை அப்படித்தானே பார்த்தோம்! பக்கத்து இலையில் சீனியர் அண்ணன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் நம் கையும் நீண்டது.

"ரெண்டு நாள் பட்டினி போடு, தன்னால திங்கும்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இது கொலை யோசனை. பட்ஜெரிகரின் எடை 30 முதல் 40 கிராம் வரைதான். உடம்பு சின்னது, எரிபொருள் செலவு அதிகம், சேமிப்பு குறைவு. ஒரு நாள் முழுவதும் எதுவும் உள்ளே போகாவிட்டாலே உயிருக்கு ஆபத்து. லேத்தில் டெப்த் ஆஃப் கட்டை ஒரேயடியாக ஏற்றினால் என்ன ஆகும்? டூலும் போகும், ஜாப்பும் போகும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அளந்து பார்த்து, மறுபடி இறக்க வேண்டும். இங்கேயும் அதே முறைதான்.

எங்கள் வீட்டில் நான் கடைப்பிடித்த முறையை வரிசையாகத் தருகிறேன்.

1. எடை பாருங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். சின்ன டப்பாவை வைத்து பூஜ்யமாக்கி, பறவையை உள்ளே விட்டு, தினமும் காலையில் தீனிக்கு முன் குறித்து வையுங்கள். 36 கிராம் பறவை என்றால் 10 சதவீதம் 3.6 கிராம். அந்த அளவு குறையும் முன்பே பரிசோதனையை நிறுத்திவிட்டுப் பழைய தீனிக்குத் திரும்புங்கள். தினை கொடுத்தும் எடை ஏறவில்லையானால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

2. நேரம் வகுங்கள். நாள் முழுவதும் தினைக் கிண்ணம் நிறைந்திருந்தால் புதியதைத் தொட அதற்கு என்ன அவசியம்? காலையில் பசி அதிகம். முதல் ஒரு மணி நேரம் கீரையும் காயும் மட்டும். பிறகு வழக்கமான தினை. மாலையிலும் தினை உண்டு. தினை இல்லாத நாளே கிடையாது.

3. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போங்கள். முளைகட்டிய தினைதான் நல்ல பாலம். இரவு ஊற வைத்து, வடித்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை அலசினால் ஓரிரு நாளில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். புளித்த வாடையோ பூஞ்சையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். அது பழகிய பின், பொடியாகத் துருவிய கேரட்டையும் நறுக்கிய கீரையையும் அதில் கலக்கலாம்.

4. கீரையைக் கிண்ணத்தில் வைக்காமல், கழுவி ஈரத்தோடு, உட்காரும் குச்சியின் அருகே கொத்தாகக் கட்டித் தொங்க விடுங்கள். ஈர இலையில் புரண்டு குளிப்பது இதற்குப் பிடிக்கும். குளிக்க வந்த வாய் கடித்துப் பார்க்கும். முருங்கைக்கீரை நம் கொல்லையிலேயே கிடைக்கிறது. 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல், வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டினும் ஏராளம். கொத்தமல்லியும் நல்லது.

5. எதிரில் நின்று தின்று காட்டுங்கள். கூட்டத்தில் வாழும் பறவை இது, பார்த்துக் கற்கும். ஏற்கெனவே கீரை தின்னும் பறவை இருந்தால் அதன் கூண்டைப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் வாயில் வைத்ததை மட்டும் கொடுக்காதீர்கள்.

6. கடல் நுரை என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கிறார்களே, அது கணவாய் மீனின் உள்ளோடு. சுத்தமானதாகப் பார்த்து ஒரு துண்டைக் கூண்டில் கட்டிவிட்டால் சுண்ணாம்புக்குக் கவலையில்லை. அயோடினுக்கு, பறவைகளுக்கென்றே செய்த அயோடின் கட்டியோ பெல்லட் தீனியோ உதவும். பெல்லட்டையும் கீரை போலவே, தினையில் பத்தில் ஒரு பங்காக ஆரம்பித்துப் பல வாரங்களில் ஏற்றுங்கள்.

கொடுக்கவே கூடாதவை: அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், முறுக்கு மிக்சர் போன்ற உப்புப் பண்டங்கள். நம் ஊர் வெயிலில் ஈரத் தீனியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள். கீரை தின்ற நாளில் எச்சம் கொஞ்சம் நீர்த்திருக்கும், பயப்பட வேண்டாம். எச்சத்தின் எண்ணிக்கையே குறைந்தால்தான் பயப்பட வேண்டும். அது சாப்பிடவில்லை என்று பொருள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் அறைத் தோழன் வீட்டில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது, கூண்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர் தினமும் எட்டிப் பார்த்து, "கிண்ணம் நெறைய இருக்கே" என்று திரும்பிவிட்டார். மூன்றாம் நாள் இரண்டு பறவைகளும் செத்துக் கிடந்தன. கிண்ணத்தில் இருந்தது வெறும் உமி! பட்ஜெரிகர் தினையை உரித்துப் பருப்பைத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மேலே பார்த்தால் நிறைந்த கிண்ணம், கீழே ஒன்றுமில்லை. எனவே தினமும் உமியை ஊதிப் பாருங்கள். உணவு மாற்றும் நாட்களில் இது இன்னும் முக்கியம்.

எவ்வளவு நாள் ஆகும்? எங்கள் வீட்டு நீலப் பறவை முதல் பதினோரு நாள் கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் தண்டைக் கடித்துத் துப்பியது. நாலாவது வாரம் இலையின் ஓரம் கிழிந்திருந்தது. ஏழாவது வாரம் காம்புதான் மிச்சம். எடை 36 கிராமிலிருந்து ஒருமுறைகூட 34-க்குக் கீழே இறங்கவில்லை. மஞ்சள் பறவைக்கு மூன்று மாதம் ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேகம்.

தோழர்களே! கூண்டில் இருக்கும் உயிருக்குத் தன் உணவைத் தானே தேடும் உரிமை இல்லை. அதை நாம் எடுத்துக்கொண்டோம். அப்படியானால் நல்ல உணவு கொடுப்பதும், அதை ஏற்கும்வரை காத்திருப்பதும் நம் கடமை. பருவத் தேர்வு விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறீர்களே, ஒரு தராசும் ஒரு கொத்து முருங்கைக்கீரையும் போதும். அடுத்த நாள் காலையிலேயே ஆரம்பித்துவிடலாம்.