வானக் காவலும் சுயச்சார்பும்

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, தேசத்தின் செல்வம் யாருக்கு என்ற கேள்விக்கு, சோஷலிஸ பாணிச் சமுதாயமே விடை எனத் தீர்மானித்தது. 1958ல் அமெரிக்க விஞ்ஞானி வான் ஆலன், பூமியைச் சூழ்ந்த கதிர்வளையங்களைக் கண்டறிந்தார். அவற்றைப் பற்றிய அறிவு யாருக்கு என்பதும் நாம் கேட்க வேண்டிய கேள்வியே.

ஏனெனில், செம்பரம்பாக்கம் ஏரிமீது புயல்மழை கொட்டுமுன் மேகங்களைப் படமெடுக்கும் நம் இன்ஸாட் கோள்கள், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், வெளி வளையத்திலேயே சஞ்சரிக்கின்றன. அங்கே ஆட்சி புரிபவை பிளாஸ்மா அலைகள். ஒலியாக மாற்றினால் வைகறைப் பறவைகளின் கூவலைப் போன்றிருக்கும் 'கோரஸ்' அலை, எலெக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு விரட்டுகிறது. 'ஹிஸ்' எனும் இரைச்சல் அலையோ அவற்றைச் சிதறடித்து வாயுமண்டலத்தில் வீழ்த்துகிறது. முன்னதன் கை ஓங்கினால், எலெக்ட்ரான்கள் கோளின் கவசத்தைத் துளைத்து உட்புகுந்து கருவிகளைக் கெடுக்கக்கூடும்.

இதை ஆராய அமெரிக்கா 2012ல் இரட்டைக் கோள்களையும், ஜப்பான் 2016ல் 'அராஸே'யையும் அனுப்பின. நாமோ இவ்வளையங்களுக்கென்றே ஒரு கோளும் அனுப்பவில்லை. ஆற்றல் இல்லாமலா? திருநெல்வேலியில் புவிகாந்த ஆராய்ச்சிக்கூடம் உண்டு. 2023ல் சூரியனை ஆராயச் சென்ற ஆதித்யா எல்-1 திட்டத்தை நடத்தியவர் செங்கோட்டை நிகார் ஷாஜி. அம்பத்தூரில் பட்டறைகளும், ஆவடியில் டாங்கி வார்க்கும் தொழிற்சாலையும் உள்ளன.

அயலார் தரும் தரவுகளை நன்றியோடு ஏற்போம். ஆயினும் சொந்த வீட்டைக் காக்க இரவல் கண் எத்தனை நாள் உதவும்? அறிவும் கைத்திறனும் இருக்கின்றன. வேண்டுவது உறுதி ஒன்றே.