ஏழு நாள் கடனுக்கு எது அடமானம்?

ஐயாயிரம் ரூபாய் கடன் என்று ஆப் காட்டுகிறது. கணக்கில் விழுவது 3,500தான். மீதியைப் பிராசசிங் ஃபீஸ் என்று முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். ஏழாம் நாள் முழு ஐயாயிரத்தையும் கட்டவேண்டும். இது ஒரு மாதிரிக் கணக்குதான். கைக்கு வந்த பணத்தை வைத்துப் பார்த்தால் ஆண்டு வட்டி இரண்டாயிரம் சதவீதத்தைத் தாண்டும். சித்தூர்ப் பக்கம் மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி வாங்குபவரைக் கந்துவட்டிக்காரர் என்று ஏசுகிறோம். அவர் வாங்குவது ஆண்டுக்கு 120 சதவீதம்!

நகரி, புத்தூரில் தறி ஓட்டுகிறவருக்கும், திருப்பதி லாட்ஜில் வேலை பார்ப்பவருக்கும் சம்பளத்துக்கு முந்தைய வாரம்தான் கை வறண்டிருக்கும். ஆதார், பான், ஒரு செல்ஃபி கொடுத்தால் பத்து நிமிடத்தில் பணம். ஏழாம் நாள் கட்ட முடியாவிட்டால் இன்னொரு ஆப்பைக் காட்டுவார்கள். பல சமயம் அதுவும் அவர்களுடையதாகவே இருக்கும்.

நகையும் இல்லை, பத்திரமும் இல்லை, எந்தத் தைரியத்தில் கொடுக்கிறார்கள்? ஆப்பை ஏற்றும்போது 'அனுமதி' என்று தட்டினோமே, அப்போது போன உறவினர் எண்களும் படங்களும்தான் அடமானம். தவணை தவறினால் மாமனாருக்கும் முதலாளிக்கும் போன் போகும். முகத்தை வெட்டி ஒட்டிய ஆபாசப் படம் போகும். 2022 செப்டம்பரில் ராஜமகேந்திரவரத்தில் ஒரு இளம் தம்பதி இந்தத் தொல்லையில் உயிரை விட்டார்கள்.

'ரிசர்வ் வங்கி அங்கீகரித்த ஆப்' என்று விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கி ஆப்புக்கு உரிமம் கொடுப்பதில்லை. கடன் கொடுப்பது ஒரு வங்கியாகவோ பதிவுபெற்ற நிதி நிறுவனமாகவோ இருக்கவேண்டும். ஆப் வெறும் தரகர். அந்த நிறுவனத்தின் பெயர் ஆப்பில் இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடலாம். 2021இல் ரிசர்வ் வங்கியின் பணிக்குழு கண்ட சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டவிரோதமானவை. அறுபது நாளுக்குள் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கும் தனிநபர் கடன் ஆப்பைக் கூகுள் பிளே ஸ்டோரின் விதியே அனுமதிப்பதில்லை. அதனால்தான் இந்த ஏழு நாள் ஆப்கள் பலவும் வாட்ஸ்அப் லிங்க் வழியாக வருகின்றன.

முறையான கடனில் எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டியை முன்கூட்டியே எழுத்தில் காட்டவேண்டும். அதில் இல்லாத கட்டணத்தைப் பிறகு கேட்க முடியாது. மனம் மாறினால் குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியேறலாம். பிராசசிங் கட்டணம் மட்டும் போகலாம். போனிலுள்ள எண்களையும் படங்களையும் தொடக்கூடாது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக்கூடாது. முறையாக வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். கட்டத் தவறியது குற்றமல்ல, சிவில் பாக்கி. 'போலீஸ் அரெஸ்ட் பண்ணும்' என்பது வெறும் மிரட்டல்.

பதிவுபெற்ற நிறுவனம் அத்துமீறினால் முதலில் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448. பெயரே தெரியாத ஆப் மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள். குடும்பம் சித்தூரில், வேலை வேலூரிலோ சென்னையிலோ என்று இருப்பவர்களை 'இது எங்கள் எல்லை இல்லை' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பக்கூடாது. 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று கேளுங்கள். எந்த ஸ்டேஷனிலும் பதியவேண்டும் என்கிறது சட்டம்.

ஆப்பை அழிக்கும் முன் மிரட்டல் செய்திகள், அழைத்த எண்கள், பணம் போன யுபிஐ விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். மிரட்டல் தொடங்கிய அன்றே வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் நீங்களே ஒரு செய்தி போட்டுவிடுங்கள்: 'என் பெயரில் படமோ மிரட்டலோ வரும், பணம் அனுப்பாதீர்கள், போலீசில் சொல்லியிருக்கிறேன்.'