ஆதாம் வெள்ளையனாம்!

ஆண்டவன் மண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தானாம். அந்த மனிதன் வெள்ளையனாம். அவன் வழி வந்தோர் மட்டுமே மனிதராம். கறுப்பர், மாநிறத்தார், மஞ்சள் நிறத்தார் அனைவரும் ஆதாமுக்கு முன்பே, காட்டு விலங்குகளைச் செய்த கையோடு செய்துபோட்ட உருப்படிகளாம்! சரி, யூதர்? அவர்கள் விலங்கினும் கேடாம். ஏவாளைச் சர்ப்பம் மயக்கிக் கூடிப் பெற்ற பிள்ளை காயீன். அந்தக் காயீனின் வாரிசுகள் யூதர். ஆகவே அவர்கள் சாத்தானின் சொந்த இரத்தமாம்!

பித்தன் பிதற்றல் என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டத் தோன்றுகிறதா? பொறுங்கள் தோழர்களே! 'கிறிஸ்தவ அடையாளம்' என்ற பெயரில் இதை வேதமாக ஓதியவர்கள் அமெரிக்காவிலே இருந்தார்கள். இன்றும் சிறு சிறு கூட்டங்களாக இருக்கிறார்கள். ஓதியதோடு நிற்கவில்லை. துப்பாக்கி தூக்கினார்கள், கொள்ளையடித்தார்கள், கொன்றார்கள். இத்தனைக்கும் சர்ப்பத்துக்குப் பிள்ளை பிறந்ததாக விவிலியத்தில் ஒரு வரியும் இல்லை. காயீன் ஆதாமின் மகன் என்றே ஆதியாகமம் நான்காம் அதிகாரம் கூறுகிறது. ஏட்டில் இல்லாததை ஏட்டின் பெயராலேயே விற்றார்கள்!

இந்தப் புரட்டு பிறந்த இடம் அமெரிக்கா அல்ல, பிரிட்டன். பிறந்தபோது அதற்குப் பல்லும் இல்லை, நகமும் இல்லை. வெறும் தற்பெருமை. கி.மு. 722 வாக்கில் அசீரியர் இஸ்ரவேலின் வட நாட்டை வென்று, மக்களைச் சிறைபிடித்துச் சென்றனர். அந்தப் பத்துக் கோத்திரங்கள் என்ன ஆயின என்ற கேள்விக்கு, "அவர்கள்தாம் நாம்!" என்று விடை சொன்னார் ஜான் வில்சன் என்பவர். 1840-இல் நூலே வெளியிட்டார். அவருக்குப் பின் எட்வர்ட் ஹைன் என்பவர் அதை ஊர் ஊராக முழங்கினார். உலகின் பாதியை விழுங்கிக்கொண்டிருந்த சாம்ராஜ்யத்துக்கு இது எவ்வளவு இனித்திருக்கும்! கொள்ளையென்றால் குற்றம், ஆண்டவன் வாக்களித்த உரிமையென்றால் குற்றமேது?

சான்று கேட்டவர்களுக்குச் சொல் விளையாட்டுக் காட்டினார்கள். ஈசாக்கின் மைந்தர், 'ஐசக் சன்ஸ்'; அதுதான் தேய்ந்து 'சாக்சன்' ஆயிற்றாம். எபிரேயத்தில் 'பெரித்' என்றால் உடன்படிக்கை, 'ஈஷ்' என்றால் மனிதன். இரண்டையும் ஒட்டினால் 'பிரிட்டிஷ்' வருகிறதாம்! தாண் கோத்திரம் போன வழியெல்லாம் தன் பெயரைச் சிந்திக்கொண்டே போயிற்றாம். டான்யூப் ஆறு அப்படி வந்ததாம், டென்மார்க் அப்படி வந்ததாம். இந்த இலக்கணத்தைக் கையில் கொடுத்தால் நம் தண்டையார்பேட்டையையும் தாண் கோத்திரத்துக்கே பட்டா எழுதிவிடலாம்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்சன் காலத்தில் இந்தக் கொள்கை யூதரைப் பகைக்கவில்லை. பங்காளி என்றே கொண்டாடியது. கடல் கடந்தபின் அது கணக்கை மாற்றிப் போட்டது. "நாமே இஸ்ரவேல் என்றால், இஸ்ரவேல் என்று சொல்லிக்கொண்டு எதிரே நிற்கும் யூதன் யார்?" மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டு நடத்திய 'டியர்பார்ன் இன்டிபென்டன்ட்' ஏட்டில், 1920-லிருந்து யூதர்மீது வாரம் தவறாமல் நஞ்சு கொட்டினார்கள். அந்த ஏட்டின் ஆசிரியர் வில்லியம் கேமரன், ஆங்கிலோ சாக்சனே இஸ்ரவேல் என்னும் கட்சிக்காரர். 1927-இல் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டார். ஏடு நின்றது, நஞ்சு நிற்கவில்லை.

கறுப்பரை விலங்காக்கும் வேலையோ முன்பே முடிந்து காத்துக்கிடந்தது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது 1865-இல். இரண்டே ஆண்டில், 1867-இல், பக்னர் பெய்ன் என்பவர் புனைபெயரில் ஒரு சிறுநூல் போட்டார். நோவாவின் பேழையில் கறுப்பன் ஏறியது மனிதனாக அல்ல, மிருகங்களில் ஒன்றாக என்பது அவருடைய கண்டுபிடிப்பு. காலத்தைப் பாருங்கள்! சட்டம் விலங்கை அறுத்தது. உடனே வேதம் விலங்கு என்றது!

இந்த இரண்டையும் சேர்த்துக் காய்ச்சியவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியாவின் வெஸ்லி ஸ்விஃப்ட். மெதடிஸ்ட் போதகரின் மகன். கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்துக்கு ஆள் சேர்த்தவர். 1970-இல் மறையும்வரை பிரசங்கம் செய்தார். ஒலிநாடாக்கள் அதை நாடெங்கும் கொண்டுசென்றன. ஆதாம் என்ற எபிரேயச் சொல்லுக்கு, முகத்தில் இரத்தமேறிச் சிவக்கக்கூடியவன் என்று பொருளாம். வெள்ளையன் முகந்தான் சிவக்குமாம். ஆகவே அவனே மனிதனாம். நாணிச் சிவக்கத் தெரிந்தவனே மனிதன் என்றால், இதைச் சொன்னவர்களின் முகம் ஒரு தடவையாவது சிவந்திருக்க வேண்டாமா?

இதைக் கேட்கப் பணக்காரச் சீமான்கள் மட்டுமா வந்தார்கள்? உழைப்பவனும் வந்தான். ஏன் வந்தான்? அதுதான் நாம் அறிய வேண்டிய கதை.

1970-களில் அமெரிக்க அரசு உழவனைப் பார்த்து, வேலியோரம்வரை உழு, விளைவி, உலகச் சந்தை உனக்காகக் காத்திருக்கிறது என்றது. நிலத்தின் விலை ஏறியது. வங்கி வலியவந்து கடன் கொடுத்தது. உழவன் டிராக்டர் வாங்கினான், பக்கத்து நிலத்தையும் வாங்கினான். 1979-க்குப் பிறகு வட்டி விண்ணுக்கு ஏறியது. நிலத்தின் விலையும் விளைச்சலின் விலையும் விழுந்தன. பாட்டன் உழுத நிலம் ஏலத்துக்கு வந்தது. ஏலக்காரன் மணி அடிக்கும்போது அந்த உழவனின் தோளில் கை வைத்துக் காரணம் சொல்ல யார் வந்தார்கள்? ஆட்சி வரவில்லை. வங்கி வரவில்லை. வந்தவர் வில்லியம் பாட்டர் கேல்!

கேல் இராணுவ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்விஃப்டின் கூட்டாளி. "உன் நிலத்தைப் பறித்தவன் யூதன். வங்கி அவனுடையது, வரி அவனுடையது, நீதிமன்றம் அவனுடையது. ஆயுதம் எடு!" என்பதே அவர் போதனையின் சாரம். கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில் ஒரு வானொலி நிலையம் 1982-இல் அவருடைய பேச்சை ஒலிபரப்பியது. கடனைத் தீர்க்கும் மந்திரத் தாள்கள் என்று எதையெதையோ உழவர் தலையில் கட்டிய கூட்டமும் கிளம்பிற்று. நீதிமன்றத்தில் அவை குப்பைக் கூடைக்குப் போயின. நிலம் ஏலத்துக்கே போயிற்று. வட்டியை ஏற்றிய கை வேறு. காட்டிய முகம் வேறு. பசித்தவனிடம் சோற்றுக்குப் பதில் எதிரியைக் கொடுத்தார்கள்!

வட டகோட்டாவின் கார்டன் கால் என்னும் உழவர், உலகப் போரில் விமானத் துப்பாக்கி வீரராகப் பதக்கம் பெற்றவர், இதை நம்பினார். வரி சாத்தானுக்குச் செலுத்தும் காணிக்கை என்று மறுத்தார். 1983 பிப்ரவரியில் மெடினா ஊரருகே தம்மைக் கைதுசெய்ய வந்தோரைச் சுட்டார். அரசு அதிகாரிகள் இருவர் மாண்டனர். ஜூன் மாதம் ஆர்கன்சாஸில் அவரும் மாண்டார், உள்ளூர் ஷெரீஃப் ஒருவரும் மாண்டார். செத்தவர் அனைவரும் சம்பளத்துக்கும் நிலத்துக்கும் உழைத்தவர்கள். கேல் படுக்கையில் பத்திரமாக இருந்தார்.

அந்தக் கேலின் தந்தை யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்று டேனியல் லெவிடாஸ் என்னும் ஆய்வாளர் பின்னாளில் ஆவணங்களைத் தேடி எடுத்து எழுதினார். பிறப்பால் மனிதனை அளந்த தராசு, அளந்தவரையே சாத்தானின் தட்டில் வைத்தது!

ஸ்விஃப்டின் இன்னொரு சீடர் ரிச்சர்ட் பட்லர், விமானத் தொழிலில் பொறியாளர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் வேலை பார்த்த ஊர்களில் ஒன்று நமக்கு அண்டையிலுள்ள பெங்களூர். இங்கே சாதிக் கட்டுமானத்தைக் கண்டு மனம் பறிகொடுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கிறார்கள். நம் நாட்டுக்கு வந்தவர் எடுத்துக்கொண்டு போன பண்டத்தைப் பார்த்தீர்களா! மிளகல்ல, முத்தல்ல. அதற்குமேல் நாம் என்ன சொல்ல?

1970-களில் பட்லர் ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் ஏரி அருகே 20 ஏக்கர் நிலத்தில் முகாம் அமைத்தார். சபைக்கூடம், காவற்கோபுரம், ஆயுதம் ஏந்திய காவலர். பெயர் 'ஆரிய நாடுகள்'. அங்கே வந்துபோன சிலரும் வேறு சிலரும் சேர்ந்து 1983-இல் 'ஆர்டர்' என்னும் இரகசியக் குழுவைக் கட்டினார்கள். 1984 ஜூன் 18 அன்று டென்வரில் ஆலன் பெர்க் என்ற யூத வானொலிப் பேச்சாளரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். இந்த மதப் போதகர்களை ஒலிபெருக்கி முன் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டவர் அவர். கேள்விக்குப் பதில் தோட்டா! அடுத்த மாதம் பணவண்டியை மறித்து 36 இலட்சம் டாலருக்கு மேல் கொள்ளை. குழு பிடிபட்டது. பட்லரையும் மற்றோரையும் அரசுக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்று கூண்டில் ஏற்றினார்கள். 1988-இல் ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள்.

அரசால் முடியாததை ஊர் செய்தது. பக்கத்து நகரமான கோர் டலீனில் மக்கள் 1981-லேயே மனித உரிமைக்கென ஒரு குழு அமைத்திருந்தார்கள். அதை முன்நின்று நடத்திய கத்தோலிக்கக் குரு பில் வாஸ்மத்தின் வீட்டில் 1986-இல் குண்டு வெடித்தது. அவர் பிழைத்தார். குழு கலையவில்லை. 1998-இல் பட்லர் படை நகர வீதியில் ஊர்வலம் அறிவித்தபோது மக்கள் ஓர் உபாயம் செய்தார்கள். அந்த ஊர்வலம் நடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இவ்வளவு காசு என்று மனித உரிமைப் பணிக்கு நன்கொடை எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் எவ்வளவு நேரம் நடக்கிறார்களோ அவ்வளவுக்கு உண்டியல் நிறையும்!

அதே ஆண்டு ஜூலையில் முகாம் வாசல் வழியே ஒரு தாயும் மகனும் காரில் போனார்கள். கார் பட்டென்று வெடியோசை எழுப்பியது. துப்பாக்கி என்று நினைத்த காவலர் துரத்தினார்கள், சுட்டார்கள், காரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு அடித்தார்கள். தாயும் மகனும் அஞ்சி ஊரைவிட்டு ஓடவில்லை, வழக்குத் தொடுத்தார்கள். தெற்கு வறுமைச் சட்ட மையத்தின் மாரிஸ் டீஸ் வாதாடினார். 2000 செப்டம்பரில் உள்ளூர் ஜூரிகள் 63 இலட்சம் டாலர் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னார்கள். பட்லர் திவாலானார். முகாம் அந்தத் தாய் மகன் கைக்கு வந்து, அவர்களிடமிருந்து கிரெக் கார் என்ற செல்வரின் அறக்கட்டளைக்குப் போயிற்று. சபைக்கூடத்தையும் காவற்கோபுரத்தையும் தரைமட்டமாக்கி, நிலத்தை வடக்கு ஐடஹோ கல்லூரிக்கு அமைதிப் பூங்காவாகக் கொடுத்தார்கள்.

2003-இல் பட்லர் ஹேடன் நகரத் தலைவர் தேர்தலில் நின்றார். ஊரார் வாக்களித்துப் படுதோல்வி கொடுத்தார்கள். மறு ஆண்டு செப்டம்பரில், 86-ஆம் வயதில், ஆதரவாளர் ஒருவர் ஏற்பாடு செய்துகொடுத்த வீட்டில் அவர் இறந்தார்.